டிபி சந்தேகமா? சளி கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள்

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். இரண்டு பாட்டில் சிரப் தீர்ந்தும் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதக்கும். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு சிரப்பைத் தேடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள், காசு வாங்க மாட்டார்கள்.

முதல் தடவை அப்பா கொடுத்தது வெறும் எச்சில். லேப்பில் இருந்த பெண் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வாயிலேர்ந்து வந்தது ஐயா, நெஞ்சிலேர்ந்து வரணும்" என்றார். மறுநாள் விடிந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். வீட்டுக்குள் வேண்டாம், திறந்தவெளிதான் நல்லது. இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் பிடித்து விட்டார். அப்புறம் அடிவயிற்றிலிருந்து இருமினார். கெட்டியாக, மஞ்சளாக, ஒரு சின்ன ஸ்பூன் அளவு வந்தது. அது போதும்.

சிபிநாட் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். அந்தக் கருவி சளியில் கிருமியின் மரபணுவைத் தேடி, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது மசியுமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். மருந்துக்கு மசியுமா என்பது நுண்ணோக்கியில் தெரியாது.

அப்பாவுக்கு டிபிதான், ஆனால் கிருமி மருந்துக்கு மசியும் என்று வந்தது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. எல்லா மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும். எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 47 கிலோ அப்பாவுக்குத் தினம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்துவிட்டார். அது ரிஃபாம்பிசினின் சாயம்தான். ஆனால் கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மூன்றாம் மாதம் இருமல் போய் எடையும் ஏறியது. "போதும்மா, நிறுத்திடலாம்" என்றார். அங்கேதான் விடக்கூடாது. பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி திரும்பப் பெருகும், மருந்துக்கு மசியாததாகவும் மாறலாம். காலண்டரில் தினமும் நானே டிக் போட்டேன்.

அத்தை தனித்தட்டு வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. டிபி காற்றில்தான் பரவும், தட்டில் இல்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நெருக்கடியான வீடுகளில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. சன்னல்களைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் மாஸ்க் போடச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் எல்லோரும் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். அக்கா மகனுக்கு நான்கு வயது. நோய் இல்லை என்று உறுதியான பிறகு அவனுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.