பழைய பேஸ்பால் பந்தில் கையெழுத்து அசல்தானா? முதலில் பந்தைப் பாருங்கள்

அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் கையெழுத்துப் போட்ட பந்து என்று யாராவது நீட்டினால் நம் கண் நேராகக் கையெழுத்துக்குத்தான் போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள். ரூத்தின் கையெழுத்தை எழுதி எழுதிப் பழகியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பந்தின் வயதை மாற்றுவது அவர்களுக்கும் அவ்வளவு சுலபமில்லை.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பெரிய லீக்குகள். அந்தக் காலத்து அதிகாரப்பூர்வப் பந்துகளில் அந்தந்த லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக்கில் வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 வரை, அப்புறம் ஜோ குரோனின் 1973 வரை. ரூத் இறந்தது 1948-இல், ஆக குரோனின் பெயர் போட்ட பந்தில் ரூத் கையெழுத்து என்றால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. ஹாரிட்ஜ் பெயர் 28 வருஷம் ஓடியதால் அது மட்டும் போதாது, தையலையும் பாருங்கள்: 1930-களின் நடுவில்தான் நூல் முழுச் சிவப்பானது, அதற்கு முன் அமெரிக்கன் லீக்கில் சிவப்போடு நீலம், நேஷனல் லீக்கில் சிவப்போடு கறுப்பு.

அடுத்து மை. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில், ரூத்தைப் போலவே புகழ்பெற்ற வீரர் லூ கெரிக் 1941-லேயே இறந்துவிட்டார். ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா வந்தது 1964-இல், இன்னொரு பெரிய வீரர் டை காப் இறந்தது 1961-இல். பல போலிகள் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும்.

கெட்டிக்காரப் போலிக்காரர் பழைய பந்தையும் ஊற்றுப்பேனாவையும் தேடிப்பிடித்து வருவார், அங்கேதான் பூதக்கண்ணாடி வேண்டும். காய்ந்து வெடித்த தோலில் இன்று எழுதினால் மை வெடிப்புக்குள் இறங்கிப் பரவும், அன்றே எழுதியது என்றால் தோல் வெடித்த இடத்தில் கோடும் சேர்ந்து உடைந்திருக்கும். கோட்டின் வேகத்தையும் கவனியுங்கள். பார்த்து வரைகிறவர் கை தயங்கும், கோடு நடுங்கும், முடிகிற இடம் மொட்டையாக நிற்கும். பந்து மஞ்சளாக இருக்கிறதே என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், பாதுகாக்க வேண்டும் என்று அரக்கு பூசி வைத்தவர்கள் உண்டு, அது நாளாக ஆக மஞ்சளாகிவிடும்.

எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது அணிப் பந்துகள், அதாவது ஓர் அணியின் வீரர்கள் எல்லாரும் கையெழுத்திட்ட பந்துகள் விஷயத்தில்தான். நட்சத்திர வீரர்களுக்காக உடைமாற்றும் அறைப் பையன்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது உண்டு. பந்தும் மையும் அதே காலத்தவை, கை மட்டும் வேறு. அந்த வீரர் அதே காலத்தில் கையெழுத்திட்ட காசோலை, ஒப்பந்தம் இவற்றின் படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வழியில்லை.

கையெழுத்து அசல் என்று சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற நடவடிக்கையில் ஒரு போலிக் கும்பலைப் பிடித்தபோது அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்கூடச் சிக்கியது, சான்றிதழ்களும் அந்தக் கூட்டமே தயாரித்தவை. அதனால் விற்பவர் காட்டும் காகிதத்தை நம்பாமல், அதிலுள்ள எண்ணைச் சான்று கொடுத்த நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.