மலையகத்துப் பழைய ஹோட்டல்களின் பேய்க்கதைகளை ஆராய்ந்து பதிவு செய்வது எப்படி?

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, கண்டி, பண்டாரவளை ஆகிய ஊர்களில் வெள்ளையர் காலத்து ஹோட்டல் எதைப் பற்றி விசாரித்தாலும், படிக்கட்டில் இறங்கிவரும் வெள்ளுடைத் துரைசாணியைப் பற்றியோ, பூட்டிய அறைக்குள் பூட்ஸ் சத்தத்தோடு நடக்கும் துரையைப் பற்றியோ யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். அக்கதை மெய்யா பொய்யா என்ற வழக்குக்குள் போகாமல், அது எந்த உண்மையைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது, யார் வாயில் எவ்வாறு மாறியது என்று அறிய விரும்புபவர்களுக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது.

முதலில் கட்டடத்தின் வயதை அறிந்துகொள்ள வேண்டும். பழைய ஹோட்டல்கள் பல, ஹோட்டலாகவே பிறந்தவை அல்ல. நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல், 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் தமக்காகக் கட்டிய மாளிகையிலிருந்து வளர்ந்தது. அது விருந்தினரை ஏற்கும் ஹோட்டலானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அங்கே ஆளுநரின் ஆவி உலாவுவதாக யாராவது சொன்னால், பார்ன்ஸ் 1838இல் லண்டனில் இறந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கதையில் வரும் அறையும் படிக்கட்டும் எந்தக் காலத்து விரிவாக்கத்தைச் சேர்ந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். 1900க்குப் பிறகு எழுந்த பகுதியில் 1840ஆம் ஆண்டுத் துரை நடக்கிறார் என்றால், கதை வேறோர் இடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்திருக்கக்கூடும். கண்டியில் சிப்பாய் ஆவி என்றால் சீருடை எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஆங்கிலேயப் படை அங்கே 1815இலேயே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை அங்கே கொண்டுவந்தது 1944இல். இரண்டுக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதால், கதையின் காலத்தை அறியச் சட்டையின் நிறம்கூட உதவும்.

அடுத்து, இறந்தவரைத் தேட வேண்டும். இதற்குக் கல்லறைகளை விடச் சிறந்த சாட்சி குறைவு. கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே உள்ள படையினர் மயானத்திலும், நுவரெலியாவின் பழைய தேவாலய வளவிலும் பெயர், வயது, இறந்த நாள் ஆகியவை பொறித்த கற்கள் உள்ளன. 1913இல் பென்ரி லூயிஸ் இலங்கையின் ஐரோப்பியக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். இன்று மழையில் கரைந்துபோன எழுத்துகள் அதில் கிடைக்கலாம். அந்தக் காலத்தில் யார் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதைப் தோட்டங்களையும் அங்கிருந்தோரையும் பட்டியலிட்ட பெர்குசன் விவரக்கொத்துகளில் பார்க்கலாம்.

உண்மையும் கதையும் பின்னிக்கிடப்பதைக் காண மேஜர் ரோஜர்ஸ் நல்ல உதாரணம். பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த அவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹப்புத்தளையில் தங்கியிருந்தபோது இடி விழுந்து இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இவ்வளவும் வரலாறு. யானைகளைக் கொன்ற பாவத்துக்குச் சாபம் பலித்தது என்பதும், கல்லறையையும் இடி விடாமல் துரத்துகிறது என்பதும் ஊர் சேர்த்தவை. அந்தச் சேர்க்கையைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. துரையின் வேட்டையை ஊர் எப்படி மதிப்பிட்டது என்று சொல்ல வேறு ஏடு ஏது?

பிறகுதான் மனிதர்களிடம் பேச வேண்டும். நிர்வாகத்திடம் அனுமதி பெற்ற பின், பழைய அப்புமார் எனப்படும் சமையற்காரர், அறைப் பணியாளர், இரவுக் காவலுக்கு நிற்கும் வாச்சர் ஆகியோரைத் தேடுங்கள். “இங்கே பேய் இருக்கிறதா?” என்று கேட்டால், முதலாளிக்குப் பயந்து இல்லை என்பார்கள், அல்லது உங்களைச் சந்தோஷப்படுத்த இருக்கிறது என்பார்கள். “ஐயா, இந்தக் கதையை உங்களுக்கு முதலில் சொன்னது யார்? அவர் எந்தக் காலத்தில் இங்கே வேலை செய்தார்?” என்று கேட்டால், கதை ஒரு வம்சவரிசையோடு வெளிவரும். சிங்களப் பணியாளர் மோகினி என்றோ மகசோனா என்றோ சொல்லும் இடத்தில், தமிழ்ப் பணியாளர் முனி என்பார், காத்துக்கருப்பு என்பார். அவரவர் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பேய் என்று ஒன்றாக்கிவிட்டால் பாதி விஷயம் போய்விடும்.

இரவுச் சத்தங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால், பகல் வெயிலில் விரிந்த கூரைத் தகரமும் பலகைத் தளமும் இரவுக் குளிரில் சுருங்கும்போது, யாரோ அடி எடுத்து வைப்பது போன்ற சத்தம் வரும். கூரைக்குள் ஓடும் மரநாயும், புகைபோக்கிக்குள் ஊதும் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சத்தம் கேட்ட நேரம், மாதம், மழையா பனியா என்பவற்றைக் குறித்துக்கொண்டால் போதும்; கதை சொன்னவரோடு வாதாடத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும். ஹோட்டல் ஆவிகள் பெரும்பாலும் துரைமாரும் துரைசாணிகளும்தான். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியோரம் விழுந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பேர் சொல்லும் பேயும் ஹோட்டலில் இல்லை. ஆகவே ஹோட்டலோடு நின்றுவிடாமல், அருகிலுள்ள தோட்டத்து லயங்களுக்கும், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கும், போக வேண்டும். அங்கே இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியைப் பற்றியும், எல்லைக் காவலுக்கு நிற்கும் மாடசாமியைப் பற்றியும் முதியவர்கள் சொல்வார்கள். பங்களாத் துரையின் ஆவியை அவர்கள் சொல்லும்போது அச்சத்தோடு கேலியும் கலந்திருக்கும். அந்தத் தொனியையும் குறிப்பில் சேருங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு வடிவத்தின் அடியிலும் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தத் தொழில் செய்பவர் சொன்னார் என்று குறிப்பிடுங்கள். சொன்னவர் விரும்பாவிட்டால் பெயர் வேண்டாம். அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மரணத்தோடு கதை தொடர்புபட்டிருந்தால், குடும்பத்தார் உயிரோடு இருப்பார்கள் என்பதால் அதை வெளியிடாமல் வைத்துக்கொள்வதே முறை. இரு வடிவங்கள் முரண்பட்டால் ஒன்றாக்காமல், இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.