நார்வே மூதாதையரின் பண்ணையைக் கண்டுபிடிக்க

அமெரிக்காவில் குடியேறிய நார்வே மூதாதையரைத் தேடுபவர்கள் கடைசிப் பெயரை நம்பித்தான் பெரும்பாலும் வழிதவறுகிறார்கள். 'ஓலே ஹான்சன் பாக்கன்' என்றால், ஹான்சின் மகன் ஓலே, குடியிருந்தது பாக்கன் பண்ணை. வேறு பண்ணைக்கு மாறினால் அந்தப் பெயரும் மாறிவிடும்! பாக்கன் என்ற பண்ணைகளோ நார்வே முழுக்க உண்டு. அதனால் முதலில் நார்வேயில் அவருடைய திருச்சபைப் பங்கை, அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரத்தை, கண்டுபிடியுங்கள். அமெரிக்காவில் அவர் சேர்ந்திருந்த லூத்தரன் தேவாலயப் பதிவேட்டில் பிறந்த இடம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டிலுள்ள பழைய பைபிளையும் புரட்டிப் பாருங்கள்.

பிறகு நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டலார்கிவே' இணையதளத்தில் ஞானஸ்நானப் பதிவுகளையும் 1865 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் இலவசமாகவே பார்க்கலாம். பண்ணை தெரிந்ததும் அந்த வட்டாரத்தின் 'பிக்டெபூக்' நூலைத் தேடுங்கள். அங்கே வாழ்ந்த குடும்பங்களைப் பண்ணை வாரியாக, தலைமுறை தலைமுறையாக எழுதியிருப்பார்கள்.