சாம்பல் நிறமெல்லாம் சாரஸ் கொக்கு இல்லை

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒருமுறை நானே ஏமாந்திருக்கிறேன். தண்ணீர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில், நீண்ட காலோடு அசையாமல் நின்றது ஒரு பறவை. "சாரஸ் கொக்கு வந்திருக்குடா" என்று நண்பனுக்குப் போன் போட்டேன். பேசி முடிப்பதற்குள் அது எழுந்து, கழுத்தை மடக்கித் தோளுக்குள் வைத்துக்கொண்டு பறந்தது. குட்டு உடைந்தது. அது சாம்பல் நாரை.

பாதித் தவறு நம் பேச்சிலேயே இருக்கிறது. வேலூர்ப் பக்கம் உழவு டிராக்டருக்குப் பின்னால் ஓடும் வெள்ளைப் பறவையும் கொக்கு; வரப்பில் மண் நிறத்தில் உட்கார்ந்திருந்து, எழும்போது மட்டும் வெள்ளைச் சிறகு காட்டும் மடையானும் கொக்கு. சாரஸ் கொக்கு இந்தக் கூட்டத்தில் சேராது. கிரேன் எனப்படும் தனிக் குடும்பம் அது. உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை. ராஜஸ்தான், குஜராத் பக்கமும் உண்டு. நம் ஏரிகளில் அதைத் தேட வேண்டாம்.

வடக்கே போகும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். உயரத்தைப் பாருங்கள். சாரஸ் ஏறக்குறைய ஆள் உயரம், 6 அடி வரை வளரும். சாம்பல் நாரை அதில் பாதிதான். சாரஸின் முகமும் மேல் கழுத்தும் இறகில்லாத சிவப்புத் தோல், உச்சந்தலை மட்டும் வெளிறிய சாம்பல் பச்சை. இளம் பறவைக்கு இந்தச் சிவப்பு இருக்காது. பறக்கும்போது கழுத்து நேராக நீண்டிருக்கும்.

சரி, மஞ்சள் மூக்கு நாரையும் கழுத்தை நீட்டித்தானே பறக்கிறது? ஆமாம். அதனால் எங்கே உட்காருகிறது என்றும் பாருங்கள். சாரஸின் பின்விரல் சிறியது, மற்ற விரல்களுக்கு மேலே தூக்கி இருக்கும். கிளையைப் பற்ற முடியாது. மரத்தில் கூடு கண்டால் அது சாரஸ் இல்லை, அவ்வளவுதான்.

அதன் கூடு தரையில், ஆழமில்லாத தண்ணீருக்கு நடுவே. நாணல், புல், வைக்கோல் எல்லாம் இழுத்துக் குவித்து மேடாக்கும். நெல்வயலிலேயே கட்டுவதும் உண்டு. நமக்கு ஏரி நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். அதே கணக்கில் அங்கே போனால் பருவம் தவறிவிடும். அங்கே தென்மேற்குப் பருவமழைதான் இனப்பெருக்கக் காலம். பெரும்பாலும் 2 முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒரு மாதம் போல அடைகாக்கும். முகலாய மன்னர் ஜஹாங்கீர் ஒரு ஜோடிக்கு லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து வளர்த்து, இதையெல்லாம் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்.

குஞ்சு பொரிந்த ஓரிரு நாளில் நடக்கும், நீந்தும். தனியாக நிற்கிறதே என்று பரிதாபப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஜோடி இறந்தால் மற்றது பட்டினி கிடந்து சாகும் என்ற கதையையும் அப்படியே நம்ப வேண்டாம். ஜோடிப் பிணைப்பு பல ஆண்டுகள் நீடிப்பது உண்மை. துணையை இழந்த பறவை வேறு துணை தேடிக்கொள்வதும் உண்டு.

ஆண் எது, பெண் எது என்று நிறத்தில் தேடினால் கிடைக்காது. ஆண் சற்றுப் பெரியது, ஆனால் தூரத்தில் தெரியாது. இரண்டும் சேர்ந்து தலையை அண்ணாந்து கத்தும்வரை காத்திருங்கள். ஒன்று ஒருமுறை கத்துவதற்குள் மற்றது இருமுறை கத்தும். இருமுறை கத்துவது பெண்.