மணற்காட்டில் ஜீப் ஓட்டி ஓர் இரவு தங்குவது எப்படி?

நாலு சில்லும் இழுக்கிற வாகனம் கைக்கு வந்ததும் தார் வீதியை விட்டு இறங்கிப் பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. மச்சானின் பழைய டபுள்கப் வாகனத்தை இரவல் வாங்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் உள்ள மணற்காடு என்ற ஊருக்குப் போனேன். சவுக்குக் காட்டைத் தாண்டி இருபது யார் போகவில்லை, பின்சில்லு இரண்டும் அச்சுவரை புதைந்துவிட்டன. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது. கொஞ்சம் தள்ளி வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் எழும்பி வந்து, "தம்பி, முதல் எஞ்சினை நிப்பாட்டும். பிறகு ரயர் காத்தை இறக்கும்" என்றார். சொன்னபடி செய்தோம். பத்து நிமிடத்தில் வாகனம் வெளியே வந்துவிட்டது.

அன்றைக்கு எனக்குக் குறைவாக இருந்தது எஞ்சின் பலம் இல்லை, ரயரில் காற்றுத்தான் கூடிப்போயிருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பிழை விடுகிறார்கள்.

1. எப்போது போவது

ஐப்பசி முதல் தை வரை மாரி. அந்தக் காலத்தில் வேண்டாம். மாசி, பங்குனி நல்லது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தறப்பாளைப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு வாகனமாகப் போவதே சரி. ஒன்று புதைந்தால் மற்றது இழுக்கும்.

2. எங்கே போவது

பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் வீதியில் மணற்காட்டுக்கு இறங்கலாம். மணலில் பாதி மூடுண்டு கிடக்கும் பழைய அந்தோனியார் கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்த மேடுகள் ஏறி விளையாட அல்ல. ஓரத்து மணற்பாதையே பழகப் போதும். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று சொல்லி வளர்ந்த நாமே அதன்மேல் சில்லை ஏற்றக் கூடாது.

இன்னும் தெற்கே நாகர்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகர்கோவில், முகமாலை, கிளாலி வழியாக 2009 வரை போர்முனை இருந்தது. மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும் புதுப்பாதை வெட்டிப் பார்க்க வேண்டாம். ஊர்ச்சனம் தினமும் போய்வரும் தடத்தை விட்டு விலகாதீர்கள். சுண்டிக்குளம் தேசிய பூங்கா. அங்கே வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்க முடியாது.

எங்கே என்றாலும் முதலில் வாடியில் (கரையோரக் கொட்டிலில்) இருக்கும் கடற்றொழிலாளரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் மணல் இறுக்கம், எங்கே கரைவலைக் கயிறு கிடக்கிறது, இரவில் எங்கே நிறுத்தினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டுத் தங்கினால், விடியற்காலையில் மீனும் கிடைக்கும்.

3. காற்றை இறக்குவது

தார் வீதியில் ரயருக்கு 30, 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று இருக்கும். இளகிய மணலில் 18க்கு இறக்குங்கள். அப்போது ரயர் நிலத்தில் தொடும் இடம் நீளமாகிறது. பாரம் பரவுகிறது, சில்லு மணலை வெட்டாமல் மேலே மிதந்து போகிறது. அகலமாவதை விட நீளமாவதுதான் கூடுதலாக உதவுகிறது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் அடியில் கொஞ்சம் பிதுங்கித் தெரியும்.

வால்வு மூடியைக் கழற்றி, நடுவில் உள்ள ஊசியைச் சின்னத் திறப்பால் அமத்தினால் காற்று சீறிக்கொண்டு வரும். கொஞ்சம் இறக்கி, காற்று அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து, மறுபடி இறக்குங்கள். நாலு ரயருக்கும் ஒரே அளவு. மூடிகளைச் சட்டைப் பையில் போடுங்கள். மணலில் விழுந்த மூடியை நான் இன்றைக்கும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகு வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். சடாரென்று ஒடித்துத் திருப்பினால் ரயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும்.

4. ஓட்டுவது

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். குதிக்கால் புதைகிற இடத்தில் சில்லும் புதையும். நாலு சில்லு இழுவையை மணலில் இறங்க முன்னமே போட்டுவிடுங்கள், புதைந்த பிறகு அல்ல. ஒரே சீராக ஓட்டுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் பிரேக்கை அமத்தாமல் அக்ஸிலேட்டரை விட்டுத் தானாக நிற்க விடுங்கள். அமத்தினால் சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து அதுவே தடையாகிவிடும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவது இன்னும் நல்லது. விடியற்புறம் ஈரத்தில் மணல் இறுகி இருக்கும், மத்தியானம் சீனி போல இளகும். காலையில் லேசாகப் போன பாதையை நம்பி மத்தியானம் திரும்பி வராதீர்கள்.

கடல்நீரேரி ஓரத் தரவை (வெட்டவெளி நிலம்) வேறு கதை. வெயிலில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, கல்லுப் போல் தெரியும், அடியில் சேறு. மணலில் புதைந்தால் தோண்டி எடுக்கலாம். இந்தச் சேற்றில் புதைந்தால் உழவு இயந்திரம் கொண்டுவந்துதான் எடுக்க வேண்டும். அதில் இறங்கவே வேண்டாம்.

5. புதைந்தால்

சில்லு சுழல்கிறது, வாகனம் நகரவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். மண்வெட்டியால் சில்லுகளுக்கு முன்னும் பின்னும், வயிற்றுப் பகுதியில் முட்டும் மணலையும் வழியுங்கள். காற்றை 15க்கு இறக்குங்கள். பிறகு பின்பக்கம் எடுங்கள்; வந்த தடம் ஏற்கெனவே அமுங்கி இருப்பதால் அதுவே நல்ல வழி. விழுந்து கிடக்கும் பனை மட்டையைச் சில்லுக்கு அடியில் குறுக்காகச் செருகலாம், ஆனால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, மட்டை பறக்கும். வாகனத்தைத் தூக்கும் ஜக்கை வைக்க அடியில் பலகைத்துண்டு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஜக்தான் மண்ணுக்குள் போகும். இழுக்கும்போது ட்ரெயிலர் கொளுவும் உருண்டையில் கயிற்றைக் கட்டாதீர்கள். அது உடைந்து பறந்தால் உயிர் போகும்.

6. தங்குவது

வாகனத்தின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். தென்னைக்கும் பனைக்கும் கீழே வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மணலில் கூடார ஆணி நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதையுங்கள். காற்றடித்தாலும் அசையாது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து லீற்றர். கரையோரக் கிணறு உவராக இருக்கும், நம்பாதீர்கள். சமைக்க அடுப்பு வைத்தால் சவுக்குச் சருகை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். அது ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் அடுப்பே தேவையில்லை. இரவில் வெளியே போனால் சப்பாத்தும் ரோச் லைற்றும் கட்டாயம். இந்த மணலில் சுருட்டை விரியன் இருக்கிறது. கடித்தால் கீறாமல், கட்டாமல், ஆளை அசையாமல் வைத்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஏசிக்காக எஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே படுக்காதீர்கள், புகைநச்சு மணமே இல்லாமல் கொல்லும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, நுளம்பு வலை கட்டினால் போதும்.

7. திரும்பும்போது

தார் ஏறியதும் காற்றை நிரப்ப வேண்டும். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் கொளுவும் சின்னப் பம்புக்கு நாலு ரயர் என்றால் நல்ல நேரம் எடுக்கும். வெயிலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒருவரைப் பருத்தித்துறை வடை வாங்க அனுப்புங்கள். அவர் திரும்பி வரும்போது கடைசி ரயர் நிரம்பிக்கொண்டிருக்கும்.