திருகோணமலையிலிருந்து கொடைக்கானல்: முதல்முறை போகிறவர்களுக்கு

நம் ஊர் ஆட்கள் இந்தியாவுக்குக் கோயில் பயணம் போனால் பாதை ஏறக்குறைய ஒன்றுதான்: மதுரை, இராமேஸ்வரம், பழனி. பழனிவரை வந்தாயிற்றே, பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்று கடைசியில் கொடைக்கானலையும் செருகிவிடுவார்கள். மதியம் மேலேறி, ஏரியை வான் வண்டிக்குள் இருந்தபடியே ஒரு சுற்றுப் பார்த்து, சொக்லேட் வாங்கி, இருட்டுமுன் இறங்கிவிடுவார்கள். அப்படிப் போவதானால் போகாமலே இருக்கலாம் என்பேன். இரண்டு இரவாவது தங்கினால்தான் அந்த மலையில் எதையும் பார்க்க முடியும். காலையில் மட்டும் கண்ணைத் திறக்கிற ஊர் அது. மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் மூடுபனிதான்.

இந்தியாவுக்கே இதற்குமுன் போகாதவர்களை மனதில் வைத்து, வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலாவது: மாதத்தைத் தீர்மானியுங்கள்

ஏப்ரல், மே வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அப்போதுதான் விடுமுறை. சமவெளி வெயிலுக்குத் தப்பி எல்லோரும் மேலே ஏறுவார்கள். ஒக்டோபர், நவம்பரும் வேண்டாம். இங்கே நம்மை நனைக்கிற அதே வடகீழ்ப் பருவமழைதான் அங்கேயும் பெய்கிறது, மலைப்பாதையில் மண்சரிவும் வரும்.

எனக்குப் பிடித்தது நமது ஓகஸ்ட் பள்ளி விடுமுறை. கச்சான் காற்று அடித்து நிலாவெளி மணல் கொதிக்கிற காலம். அங்கே பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும், அறைகள் மலிவு. சில பின்னேரங்களில் மழை தூறும், அவ்வளவுதான். ஓகஸ்ட் 15 சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெப்ரவரி, மார்ச் வானம் இன்னும் தெளிவு, ஆனால் இரவுக் குளிர் கூட. தைப்பூசத்தை ஒட்டிப் போனால் பழனியில் கால் வைக்க இடமிருக்காது. அதுதான் வேண்டுமென்றால் தெரிந்துகொண்டு போங்கள்.

குளிர் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு: நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர், கொடைக்கானல் 2,100 மீற்றருக்கும் மேல். நுவரெலியாவுக்குக் கொண்டுபோன உடுப்போடு இன்னொரு சால்வையும் எடுத்து வையுங்கள். ஸ்வெட்டர் இல்லாதவர்கள் இங்கே தேடி அலைய வேண்டாம், கொடைக்கானல் கடைத்தெருவில் தாராளமாகக் கிடைக்கும்.

இரண்டாவது: கடவுச்சீட்டும் விசாவும்

இலங்கையருக்கு இந்திய விசா கட்டாயம். சுற்றுலாவுக்கு இ-விசா போதும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்திய அரசின் தளத்துக்கு மட்டும் போங்கள். முகவரி ‘கவ் டொட் இன்’ என்று முடியும். அதே சாயலில் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, இரட்டிப்புக் கட்டணம் கேட்பார்கள்.

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சதுரப் புகைப்படம், கடவுச்சீட்டின் முதற்பக்கத்துப் பிடிஎஃப், இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். நம்மவர் பெரும்பாலும் தடுமாறுவது பெயரில்தான். அப்பாவின் பெயர் முன்னுக்கு, நம் பெயர் பின்னுக்கு என்று எழுதிப் பழகியிருக்கிறோம். படிவத்தில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலில் அதே இடத்தில் எழுதுங்கள். விமான ரிக்கற்றிலும் அப்படியே. இந்தியாவில் தொடர்புக்கு ஒரு பெயரும் முகவரியும் கேட்பார்கள், தங்கப்போகும் இடத்தின் விவரத்தைக் கொடுக்கலாம். அதனால் அறையை முதலில் பார்த்து வைப்பது நல்லது.

2025 ஒக்டோபர் முதல் இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டவர் இ-வருகை அட்டை ஒன்றையும் நிரப்ப வேண்டும். தரையிறங்க முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம், கட்டணமில்லை.

மூன்றாவது: எந்த வழியால் போவது

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, கட்டுநாயக்காவிலிருந்து மதுரை. பறப்பு ஒரு மணித்தியாலம்தான், அதைவிடக் கட்டுநாயக்கா போய்ச் சேருவதுதான் நீண்ட பயணம். நாலைந்து பேராக இருந்தால் வான் பிடித்து, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக விமான நிலையத்துக்கே போய்விடுங்கள். கொழும்புக்குள் நுழைந்து திரும்ப வேண்டியதில்லை.

மற்றது யாழ்ப்பாணம் வழி. பலாலியிலிருந்து திருச்சிக்குச் சிறிய விமானம் போகிறது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாகப் பழனி. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருந்தால் ஓர் இரவு தங்கி அப்படிப் போவது சுகம். காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பலும் இருக்கிறது. பயணம் ஏறக்குறைய நாலு மணித்தியாலம், ஆனால் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நின்றுவிடும். முதல்முறை போகிறவர்கள் அதை நம்பித் திகதி குறிக்க வேண்டாம்.

காசு விஷயம் ஒன்று. அங்கே பெட்டிக்கடையில்கூடக் கைப்பேசியால் கட்டுகிறார்கள், நமக்கு அது சரிவராது. தாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை ரூபாயை மலைமேல் மாற்ற முடியும் என்று எண்ணாதீர்கள், டொலராகக் கொண்டுபோய்க் கீழேயே மாற்றிவிடுங்கள். வீட்டு அலமாரியில் பழைய பயணத்து இந்திய 2,000 ரூபாய்த் தாள் கிடந்தால், அதை இந்திய ரிசர்வ் வங்கி 2023 மே மாதம் மீளப்பெறத் தொடங்கிவிட்டது. கடையில் வாங்கமாட்டார்கள். கைப்பேசி சார்ஜரின் சதுர முள் அங்கே பொருந்தாது, அடாப்டர் ஒன்று போடுங்கள்.

நான்காவது: அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் வழக்கில் ‘சி படிவம்’ என்று சொல்கிற ஒன்றை அறைக்காரர் அரசுக்கு அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜ்களும் வீட்டுத் தங்குமிடங்களும் பல அந்தப் பதிவையே எடுத்திருக்காது. தமிழில் கதைப்பதால் தொலைபேசியில் நம்மை உள்ளூர் ஆட்கள் என்று எண்ணி அறை கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முன்பணமும் கட்டி, இரவு எட்டு மணிக்குக் குளிரில் போய் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டியதும் ‘ஃபோரின் ஆளுங்களுக்கு ரூம் தர முடியாதுங்க’ என்ற பதிலைக் கேட்டது. கையில் குழந்தை வேறு. ஆகவே, ‘நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர், சி படிவம் போடுவீர்களா?’ என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். ஓம் என்றால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

இடம் ஏரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் இருந்தால் நல்லது. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் கேட்டு வையுங்கள்.

ஐந்தாவது: பழனியிலிருந்து மேலேறுங்கள்

மதுரையில் இறங்கினாலும் முதலில் பழனிக்குப் போய், அங்கிருந்து மலையேறுவது என் யோசனை. இறங்கும்போது வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கலாம், இரண்டு பாதையையும் பார்த்ததாகும்.

பழனியில் 693 படி. முடியாதவர்களுக்கு ‘விஞ்ச்’ என்கிற இழுவை ரயிலும் ரோப்காரும் உண்டு. கோயிலுக்குள் கைப்பேசி 2023 முதல் தடை, அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டு ஏறுங்கள். விடியற்காலையில் தரிசனம் முடித்தால் மதியத்துக்குமுன் மலைப்பாதையில் இருக்கலாம். 64 கிலோமீற்றர்தான், ஆனால் வளைவுக்குமேல் வளைவு. காலைச் சாப்பாட்டை இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வயிறு பிரட்டுகிறவர்களை முன் இருக்கையில் விடுங்கள்.

வாடகை வண்டி என்றால் இ-பாஸ், அதாவது மலைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கிற அனுமதி, வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டிக்காரர் எடுத்துவிட்டாரா என்று புறப்படுமுன் கேளுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களுக்கு மேலே தடை இருக்கிறது, எவர்சில்வர் போத்தல் கொண்டுபோங்கள்.

போய்ச் சேர்ந்த அன்று வேறொன்றும் செய்யாதீர்கள். சூடாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுங்கள்.

ஆறாவது: ஏரி, காலை ஆறரைக்கு

ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீற்றர் பாதை. ஆறரைக்குத் தொடங்கினால் நடைக்காரர்களும் குதிரைக்காரர்களும் மட்டும்தான். பத்து மணிக்குமேல் வண்டிகளின் ஹோர்ன் சத்தம் ஆளைத் துரத்தும். நடக்க முடியாதவர்களுக்குச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.

இயற்கையான ஏரி இல்லை இது. மதுரைக் கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கட்டுவித்தது. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873, ஆகவே இது பத்து வயது மூத்தது. முதற்படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். நட்சத்திர வடிவம், 60 ஏக்கர். நமது துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். அதனால் படகுச் சவாரிக்கு வரிசையில் நின்று அரை நாளைத் தொலைக்க வேண்டாம். கரையில் நடப்பதே மேல்.

அங்கிருந்து கோக்கர்ஸ் நடைபாதைக்குப் போங்கள். 1872இல் போட்டது, மலைவிளிம்போடு ஒரு கிலோமீற்றர். ஒன்பது மணிக்குள் போனால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும், பிந்தினால் வெறும் வெண்மை. இந்த ஊரை உண்டாக்கியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள், 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அந்த மதுரை மிஷனையே 1834இல் தொடங்கியது யாழ்ப்பாணத்து மிஷனிலிருந்து போனவர்கள். கொடைக்கானலின் வேர் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

பிரையன்ட் பூங்கா ஏரிக்குப் பக்கத்தில்தான். பூவில் ஆசையுள்ளவர்களுக்கு ஒரு மணித்தியாலம், மற்றவர்களுக்குக் கால் மணித்தியாலம்.

ஏழாவது: குறிஞ்சி ஆண்டவர்

இந்தக் கோயிலுக்காகவே நான் நம்மவரைக் கொடைக்கானலில் தங்கச் சொல்கிறேன். ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றர். 1936இல் கட்டுவித்தவர் லீலாவதி இராமநாதன் அம்மையார், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. மேலைநாட்டில் பிறந்து சைவத்தைத் தழுவியவர். கணவர் 1913இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் கல்லூரியைப் பல காலம் நடத்தியவர். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் கும்பிடுகிறோமே, அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியவர் இராமநாதன். அவர் 1930இல் காலமான பிறகு, அம்மையார் இந்த மலையில் முருகனுக்குக் கட்டிய கோயில் இது. கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாம் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

காலையில் போங்கள். மதியம் நடை சாத்துவார்கள் என்பது ஒரு காரணம். வானம் தெளிந்திருந்தால் கோயிலடியிலிருந்து வடக்கே பழனி மலையைக் காணலாம் என்பது மற்றது. முந்தின நாள் நின்ற இடத்தை மேலேயிருந்து தேடிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. நிர்வாகமும் பழனித் தேவஸ்தானத்தின் கீழ்தான்.

குறிஞ்சிப் பூ எங்கே என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கொரு முறைதான் மலைமுழுக்கப் பூக்கும். கடைசியாக 2018, அடுத்தது 2030.

எட்டாவது: பூம்பாறை

மூன்றாம் நாளை இதற்கு விடுங்கள். ஊரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர். பஸ்ஸும் போகிறது, ஜீப்பும் பிடிக்கலாம். படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் காய்கறியும், நடுவில் கிராமம், கிராமத்துக்குள் குழந்தை வேலப்பர் கோயில். மூலவர் பழனியைப் போலவே ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்த நவபாஷாணச் சிலை, சித்தர் போகர் செய்தது என்பது ஐதீகம்.

‘குழந்தை’ வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். அருணகிரிநாதர் இங்கே வந்து இரவு படுத்திருந்தாராம். ஓர் அரக்கி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து பக்கத்தில் இருக்க, தாயும் பிள்ளையும் என்று எண்ணி அவள் விலகிப் போய்விட்டாளாம். நமது கோணேசர் மலைக்கும் திருப்புகழ் பாடிய அதே அருணகிரிநாதர்தான். வயதான ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் இதைச் சொல்லுங்கள், இருபது கிலோமீற்றர் குலுக்கலை மறந்துவிடுவார்கள்.

தூண் பாறை, பைன் காடு, குகை என்று வண்டிக்காரர்கள் ஒரு சுற்றுக் காட்டுவார்கள். நேரமிருந்தால் பூம்பாறை போகிற அன்றே, காலையில் முதலாவதாகத் தூண் பாறைக்குப் போங்கள். பனி மூடியிருந்தால் மனவருத்தப்படாமல் விட்டுவிடுங்கள். மற்றவற்றில் நான் பெரிதாக ஒன்றும் காணவில்லை.

இறங்குதல்

காலையிலேயே மதுரை பஸ் ஏறுங்கள், நாலு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சி வரும், வாடகை வண்டி என்றால் ஐந்து நிமிடம் நிறுத்தலாம். ‘கொடைக்கானல் ரோடு’ என்று ரயில் நிலையம் ஒன்று இருப்பதைப் பார்த்து அங்கே ரிக்கற் போட்டுவிடாதீர்கள். அது மலையிலிருந்து 80 கிலோமீற்றர் கீழே, மதுரையே வசதி.

மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசி பார்க்க வாங்குங்கள், ஆனால் பூண்டு, விதை, செடி, பழம் ஒன்றையும் ஊருக்குக் கொண்டுவர எண்ணாதீர்கள். கட்டுநாயக்காவில் தாவரத் தடுப்புக்காப்புக்காரர் எடுத்துவிடுவார்கள். யூக்கலிப்டஸ் தைலம், பழனிப் பஞ்சாமிர்தம் இரண்டும் கையில் கொண்டுபோகிற பையில் வேண்டாம். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவமோ களியோ பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடும். தைலம் எரியக்கூடியது, அதை எந்தப் பையிலும் ஏற்றலாமா என்று விமானக் கம்பனியிடம் முன்கூட்டியே கேளுங்கள். பஞ்சாமிர்த டப்பாவின் மூடியை டேப்பால் சுற்றி, பழைய துவாயில் பொதிந்து, விமானத்தில் போடுகிற பெட்டிக்குள் நடுவில் வையுங்கள்.