செட்டிநாட்டு வீட்டில் புரொஜெக்டர் வைக்கும்போது
முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி மின்னும். அதில் நேரடியாகப் படம் போடாதீர்கள். நடுவில் வெளிச்சத் திட்டு விழும், ஓரம் மங்கும். பளபளப்பில்லாத வெள்ளைத் திரைதான் சரி. வேட்டி வேண்டாம், ஒளி ஊடுருவிப் போய்விடும். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள 16:9 திரைக்கு அகலம் 221 செ.மீ.; த்ரோ ரேஷியோ (திரைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.2 என்றால் லென்ஸ் 2.65 மீட்டர் தள்ளி, திரைக்கு நேராக இருக்கட்டும். கோணலாக வைத்து, படத்தைச் செவ்வகமாக்கும் கீஸ்டோன் வசதியில் சரிசெய்தால் கூர்மை குறையும். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், போடுவதானால் நன்றாக இருட்டிய பிறகே. ஆத்தங்குடிக் கல் தரை வெளிச்சத்தையும் ஒலியையும் திருப்பியடிப்பதால் வசனம் குழம்பும். திரைக்கு முன்னால் அடர்நிற ஜமுக்காளம் விரித்தால் இரண்டும் தணியும். வண்ணம் கண்ணைக் குத்துகிறதே என்று ஒளிப்பதிவாளர் மேல் பழி போடுமுன், புரொஜெக்டரின் பட அமைப்பில் விவிட் மோடை சினிமா மோடுக்கு மாற்றிப் பாருங்கள்.